ரதியின் ஒப்பாரியும் தப்பின் ஓசையும்

கதையைப் பெரும்பாலும் பாட்டாலேயே நடத்தும் நாடகத்தை மேலைநாட்டார் ஆப்பெரா என்பர். துயரக் காதலை அங்கே இசை எப்படிச் சொல்கிறது? இத்தாலியரான புச்சீனியின் 'லா போயெம்' 1896-இல் அரங்கேறியது. அதில் காதலர் முதன்முதல் சந்திக்கும்போது ஒலித்த மெட்டு, நோயுற்ற காதலி இறக்கும் தறுவாயில் மீண்டும் ஒலிக்கிறது. அன்று மகிழ்வித்த மெட்டே இப்போது அழவைக்கிறது.

இது நமக்குப் புதிதன்று. இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் ஆடப்படும் காமன் கூத்தை எண்ணிப் பார்ப்போம். ரதி, மன்மதன் திருமணத்துக்கு முழங்கும் அதே தப்பு, சிவனின் நெற்றிக்கண் மன்மதனை எரித்தபின் ரதியின் ஒப்பாரிக்கும் துணை நிற்கிறது. கருவி ஒன்றே, அடிதான் மாறுகிறது. மணப்பந்தலின் முழக்கம் இன்னும் காதில் இருப்பதால்தான் ஒப்பாரி நெஞ்சை அறுக்கிறது.

ஆப்பெராவின் மெட்டுகள் தாளில் எழுதப்பட்டுள்ளன. காமன் கூத்துப் பாட்டுகளோ பெரும்பாலும் நம் பெரியவர்களின் நாவில்தான் வாழ்கின்றன. நம் பிள்ளைகள் நாளை சிங்கப்பூரில், செங்காங் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருந்தாலும் ரதியின் பாட்டைப் பாட வேண்டுமல்லவா? வரும் மாசியில் அவர்களைப் பெரியவர்கள் அருகே உட்கார வைப்போம்.