மகளும் முனைவர் ஆகலாம்

டாக்டர் பட்டம் என்றதும் ஊசியும் மருந்துமே நம் நினைவில் எழுகின்றன. வரலாறு, தமிழ், கல்வியியல் ஆகிய துறைகளிலும் அப்பட்டம் உண்டு. அதற்கு ஓர் ஆய்வேடு எழுதவேண்டும்.

அவ்வேட்டுக்குரிய பொருள் நூலகத்தில் மட்டும் இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையை எண்ணிப் பாருங்கள். அங்கு வாழும் 'மலையாளி' மக்கள் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் பழங்குடியினர். அவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதையை எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் பதிவு செய்தார். அக்கதையை இன்றைய பாட்டிமார் எவ்வாறு சொல்கின்றனர்? 1976 வரை அம்மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அந்நாளைக் கண்டவர்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதும் காலம் குறுகி வருகிறது. ஆய்வு செய்பவர் பெண்ணாயின், பாட்டிமார் அடுப்பங்கரை வரை அழைத்து மனம் திறப்பார்கள் அல்லவா!

இத்தகைய பணி ஓராண்டில் முடியாது. மகளின் திருமணம் என்னாவது என்று கவலைப்படும் பெற்றோரே, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளைப் பாருங்கள். ஆய்வை முடிக்கப் பெண்களுக்கு 2 ஆண்டுகள் கூடுதலாக உண்டு, பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாட்கள் வரை விடுப்பு உண்டு, பகுதிநேரமாகவும் பயிலலாம்.

செலவுக்கு என்ன வழி? சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது பேரிழப்பே. எனினும், நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்வோருக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. முதுகலை இறுதியாண்டு பயிலும் மாணவியரும் அத்தேர்வை எழுதலாம்.