கனடாவில் வீட்டு உடைமையும் குளிர்காலப் பராமரிப்பும்

கனடாவில் வீட்டு உடைமை என்பது வீட்டை விலை கொடுத்து வாங்குவதோடு முடிவதன்று. ஆண்டில் ஏறத்தாழ ஐந்து, ஆறு மாதங்கள் நீடிக்கும் குளிரில் அவ்வீட்டை வெப்பமாகவும் உலர்வாகவும் பேணும் தொடர் பொறுப்பும் அதில் அடங்கும். வெப்பமண்டல நாடுகளில் கூரையும் சுவரும் பெரும்பாலும் வெயிலையும் மழையையும் தடுப்பதற்காக அமைகின்றன. குளிர்நாட்டு வீடு, உள்ளே 20 பாகை செல்சியஸ், வெளியே −20 பாகை செல்சியஸ் என்னும் 40 பாகை வேறுபாட்டை நாள் முழுவதும் தாங்கி நிற்க வேண்டும். இத்தகைய வீடுகளுக்கு நேரும் சேதங்களில் பெரும்பாலானவை குளிரால் நேரடியாக ஏற்படுவதில்லை. தவறான இடத்தில் சேர்ந்து, உறைந்து, உருகும் நீரே அவற்றுக்குக் காரணமாகிறது. எனவே குளிர்கால வீட்டுப் பராமரிப்பை வெப்பத்தை உள்ளே காப்பது, நீரை வெளியே வைப்பது என்னும் இரு பணிகளாகச் சுருக்கிக் கூறலாம்.

இக்கட்டுரை தனிவீடுகளையே, குறிப்பாகத் தமிழர் பெருமளவில் வாழும் தென் ஒன்ராறியோப் பகுதி வீடுகளையே, முதன்மையாக விவரிக்கிறது. அடுக்குமாடிக் கூட்டுரிமை வீடுகளில் கூரை, வெளிச்சுவர் போன்றவற்றைக் கூட்டுரிமை நிறுவனம் பராமரிக்கும். உரிமையாளர் அதற்காக மாதக் கட்டணம் செலுத்துவார்.

காலநிலை

சனவரி மாதச் சராசரி வெப்பநிலை ரொறன்ரோவில் ஏறத்தாழ −4 பாகை செல்சியசாகவும், வினிப்பெக்கில் ஏறத்தாழ −16 பாகை செல்சியசாகவும் உள்ளது. ஓரிடத்தில் வீட்டை வெப்பமூட்டும் தேவையை அளக்க 'வெப்பமூட்டல் பாகை-நாள்' என்னும் அளவு பயன்படுகிறது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 பாகைக்கு எத்தனை பாகை குறைவாக உள்ளதோ, அதனை ஆண்டு முழுவதும் கூட்டி வருவதே இவ்வளவு. இது ரொறன்ரோவில் ஏறத்தாழ 3500 முதல் 4000 வரை அமையும். வினிப்பெக்கில் 5500க்கும் மேல். கனடிய வீடுகளில் பயன்படும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு அறைகளை வெப்பமூட்டுவதற்கே செலவாகிறது.

வெப்ப இழப்பும் வெப்பக் காப்பும்

சுவர், கூரை போன்ற ஒரு பரப்பின் வழியே நிகழும் வெப்ப இழப்பைப் பின்வரும் தொடர்பால் கணிக்கலாம்:

வெப்ப இழப்பு = பரப்பளவு × வெப்பநிலை வேறுபாடு ÷ வெப்பத்தடை

எடுத்துக்காட்டாக, 100 சதுர மீட்டர் பரப்புள்ள மேல்தளக் கூரையை எடுத்துக்கொள்வோம். உள்ளே 20 பாகை, வெளியே −5 பாகை எனில் வேறுபாடு 25 பாகை. மெட்ரிக் முறையில் வெப்பத்தடை 2 எனில் இழப்பு 1250 வாட். நாள் ஒன்றுக்கு அது 30 கிலோவாட்-மணி ஆகும். வெப்பத்தடையை 10 ஆக உயர்த்தினால் இழப்பு 250 வாட்டாக, அதாவது நாள் ஒன்றுக்கு 6 கிலோவாட்-மணியாகக் குறையும். சந்தையில் வழங்கும் 'ஆர்' மதிப்பில் இவை முறையே ஆர்-11, ஆர்-57 ஆகியவற்றுக்கு இணையானவை.

இக்கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வெப்பத்தடையை 2 இலிருந்து 4 ஆக்கும்போது 625 வாட் மிச்சமாகிறது. அதே அளவு காப்புப் பொருளை மேலும் இட்டு, 8 இலிருந்து 10 ஆக்கும்போது மிச்சமாவது ஏறத்தாழ 62 வாட் மட்டுமே. ஆகவே காப்பே இல்லாத இடத்தில் இடும் முதல் அடுக்கே அதிகப் பயன் தருவது.

வெப்பம் சுவர் வழியாக மட்டும் வெளியேறுவதில்லை. வெப்பமான காற்று இலேசானதால் மேலெழுந்து மேல்தள இடுக்குகள் வழியே வெளியேறும். அதற்கு ஈடாகக் கீழ்த்தள இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். உயரமான புகைபோக்கியில் நிகழ்வதும் இதுவே. கதவு, சன்னல் ஓரங்கள், மின்கம்பித் துளைகள், மேல்மாட மூடி ஆகியவற்றின் இடைவெளிகளை அடைப்பது மலிவானது, உடனடிப் பயன் தருவது.

வெப்பமூட்டும் கருவிகள்

தென் ஒன்ராறியோவில் இயற்கை எரிவாயுவால் இயங்கும் உலையே பரவலாக உள்ளது. நிலவறையில் அமைந்த உலை காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்புகிறது. பழைய உலைகளில் எரிபொருள் ஆற்றலில் 60 விழுக்காடு அளவே வீட்டிற்குக் கிடைத்தது, மீதி புகைபோக்கி வழியே வெளியேறியது. கனடாவில் புதிய எரிவாயு உலைகளின் திறன் குறைந்தது 90 விழுக்காடாக இருக்க வேண்டும் என்னும் விதி 2010 அளவில் நடைமுறைக்கு வந்தது. 2019 இல் அது 95 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

வெப்ப ஏற்றி என்னும் கருவி வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல், வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே கடத்துகிறது. குளிர்சாதனப் பெட்டியின் செயலை வீட்டளவில் இதற்கு ஒப்பிடலாம். மிதமான குளிரில், செலவிடும் ஓர் அலகு மின்சாரத்திற்கு இரண்டு, மூன்று அலகு வெப்பம் கிடைக்கும். குளிர் கூடக்கூட இவ்விகிதம் குறையும். குளிர்நாட்டிற்கென வடிவமைத்தவை −25 பாகை அளவிலும் இயங்கினாலும், பல வீடுகளில் துணை வெப்பமூட்டியும் வைக்கப்படுகிறது.

நீரால் ஏற்படும் சேதங்கள்

கூரையில் பனி அணை: மேல்மாடத்தில் காப்பு போதாதபோது வீட்டின் வெப்பம் கூரையைச் சூடாக்கி, அதன்மேல் படிந்த பனியின் அடிப்பகுதியை உருக்குகிறது. உருகிய நீர் வழிந்து, வெப்பம் எட்டாத இறவாரத்தை அடைந்ததும் மீண்டும் உறைந்து ஓர் அணைபோல் எழும்புகிறது. பின்னால் வரும் நீர் அவ்வணையில் தேங்கி, கூரைத் தகடுகளுக்கு அடியில் புகுந்து, உட்கூரையில் கறையாக வெளிப்படுகிறது. கூரை ஒழுகுவதாக எண்ணித் தகடுகளை மட்டும் மாற்றினால் அடுத்த ஆண்டும் இதுவே நிகழும். மேல்மாடத்தில் காற்றுக் கசிவை அடைத்தல், காப்பைக் கூட்டுதல், மேல்மாடத்திற்குக் காற்றோட்டம் அளித்தல் ஆகியவையே நிலையான தீர்வு.

குழாய் வெடிப்பு: நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. பனிக்கட்டி குழாயை அடைத்து வளரும்போது, அதற்கும் மூடிய திருகுக்குழாய்க்கும் இடையில் அகப்பட்ட நீரின் அழுத்தம் பெருகிக் குழாய் பிளக்கிறது. அடைப்பு உருகிய பின்னரே நீர் பாய்வதால் சேதம் தாமதமாகவே தெரியவரும். வெளிச்சுவர்க் குழாய்களின் நீரை இலையுதிர் காலத்திலேயே வடித்துவிடுவது வழக்கம்.

நீண்ட பயணம் செல்வோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். திசம்பர் விடுமுறையில் பல வாரங்கள் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ செல்லும் குடும்பங்கள் பல. வெப்பமூட்டும் காலத்தில் வீடு தொடர்ந்து சில நாட்கள், பெரும்பாலும் நான்கு நாட்களுக்கு மேல், ஆளின்றி இருந்தால் ஒருவர் அன்றாடம் பார்வையிட வேண்டும், அல்லது நீரை மூடிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும் என்று பல காப்புறுதி ஒப்பந்தங்கள் நிபந்தனை விதிக்கின்றன. நிபந்தனை மீறப்பட்டால் உறைந்த குழாயால் ஏற்படும் இழப்பிற்கு ஈடு மறுக்கப்படலாம்.

நிலவறை: தென் ஒன்ராறியோவில் நிலம் ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழம் வரை உறையக்கூடும். உறையும் மண் விரிந்து அடித்தளத்தைத் தூக்கிவிடும் என்பதால் அடித்தளம் அவ்வாழத்திற்குக் கீழே அமைய வேண்டும். அவ்வளவு தோண்டிய பின் மேலும் சற்றுத் தோண்டினால் ஒரு தளமே கிடைப்பதும் இங்கு நிலவறைகள் பரவலாக இருப்பதற்கு ஒரு காரணம். வேனிலின் தொடக்கத்தில் பனி உருகும்போது அடிமண் இன்னும் உறைந்திருப்பதால் நீர் மண்ணுள் இறங்காமல் சுவரை நோக்கிப் பாய்கிறது. நிலத்தை வீட்டிலிருந்து சரிவாக அமைத்தலும், கூரைப் பீலி நீரைத் தொலைவில் விடுதலும் முதற்காப்பு. தாழ்ந்த குழியில் சேரும் நீரை வெளியேற்றும் தானியங்கி நீரிறைப்பி அடுத்த காப்பு. கழிவுநீர் பின்னோக்கி ஏறுவதால் வரும் சேதம் வழக்கமான காப்புறுதியில் அடங்காது. பொதுவாக அதற்குத் தனிச் சேர்க்கை தேவை.

உட்காற்றின் ஈரம்: 21 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 13 பாகைக்குக் குறைவான பரப்பைத் தொட்டால் நீர்த்துளிகளாகப் படியும். ஈரப்பதம் 40 விழுக்காடு எனில் 7 பாகை வரை படியாது. சமையல், குளியல், துணி உலர்த்தல் ஆகியவற்றால் பெருகும் ஆவி சன்னலில் வழிந்து, சுவர் மூலைகளில் பூஞ்சணம் வளர இடமளிக்கிறது. சோறும் கறியும் நாள்தோறும் கொதிக்கும் சமையலறையில் ஆவியை வீட்டிற்கு வெளியே தள்ளும் விசிறி இன்றியமையாதது. ஆவியை மேல்மாடத்தில் விடும் விசிறி சேதத்தை இடம் மாற்றுவதன்றி வேறில்லை.

உயிராபத்துகள்

எரிபொருள் முழுமையாக எரியாதபோதும் புகைவழி அடைபட்டபோதும் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வளிமம் வீட்டினுள் சேர்கிறது. குளிர்காலத்தில் சன்னல்கள் மூடியிருப்பதால் ஆபத்து கூடுகிறது. 2008 திசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக் நகரில், புகைவழி அடைபட்டதால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இறந்தனர். அவ்வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. இந்நிகழ்வைத் தொடர்ந்து 2013 இல் சட்டம் இயற்றப்பட்டது. எரிபொருள் கருவியோ இணைந்த வாகனக் கொட்டகையோ உள்ள வீடுகளில் உறங்கும் அறைகளுக்கு அருகே எச்சரிக்கைக் கருவி 2014 அக்டோபர் முதல் கட்டாயமானது. உலையின் வெளிக்குழாயைப் பனி மூடாமல் பார்ப்பதும், கொட்டகையில் வாகனத்தை இயக்கி வைக்காதிருப்பதும் அடிப்படை விதிகள்.

மண்ணிலுள்ள யுரேனியத்தின் சிதைவால் உண்டாகும் ரேடான் வளிமமும் அடித்தள விரிசல்கள் வழியே புகுந்து நிலவறையில் சேரும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த முதன்மைக் காரணி இதுவே. கனடிய வழிகாட்டு வரம்பு கன மீட்டருக்கு 200 பெக்கரல். குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதங்கள் அளப்பது பரிந்துரைக்கப்படுகிறது.

மின்சாரம் நின்றால் எரிவாயு உலையின் விசிறியும் நின்றுவிடும். 1998 சனவரியில் கியூபெக், கிழக்கு ஒன்ராறியோப் பகுதிகளைத் தாக்கிய உறைமழைப் புயலில் பல இலட்சம் வீடுகள் மின்சாரம் இழந்தன, சில பகுதிகளில் அது வாரக்கணக்கில் நீடித்தது. 2013 திசம்பரில் ரொறன்ரோவிலும் அத்தகைய புயல் ஏற்பட்டது. அவ்வேளைகளில் கரி அடுப்பையோ மின்னாக்கியையோ வீட்டினுள் பயன்படுத்துவது உயிராபத்தானது.

செலவுகள்

கடன் வழங்குவோர் வெப்பமூட்டும் செலவை வீட்டுச் செலவின் பகுதியாகவே கணக்கிடுகின்றனர். முதல், வட்டி, சொத்து வரி, வெப்பமூட்டல் ஆகிய நான்கின் கூட்டுத்தொகை, குடும்பத்தின் மொத்த வருமானத்தில் 39 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது கனடிய அடமான, வீட்டுவசதிக் கழகம் காப்புறுதி செய்யும் கடன்களுக்கான வரம்பு. ஆனால் பழுதுபார்ப்பும் மாற்றீடும் இந்நான்கில் அடங்கா. கடன் கிடைத்ததால் மட்டும் வீட்டைப் பேணும் வசதியும் உண்டு என்று கொள்ள இயலாது.

முக்கிய பகுதிகளின் பொதுவான ஆயுட்காலம்:
- தார்க் கூரைத் தகடுகள்: 15 முதல் 25 ஆண்டுகள்
- எரிவாயு உலை: 15 முதல் 20 ஆண்டுகள்
- சுடுநீர்க் கலன்: 10 முதல் 15 ஆண்டுகள்
- சன்னல்கள்: 20 முதல் 30 ஆண்டுகள்

வீட்டு விலையில் ஆண்டுக்கு 1 விழுக்காட்டைப் பராமரிப்பிற்கு ஒதுக்க வேண்டும் என்னும் கைக்கணக்கு பரவலாக வழங்குகிறது. பெருநகரங்களில் விலையின் பெரும்பகுதி நிலத்திற்குரியது. நிலம் பழுதடைவதில்லை. எனவே ஒவ்வொரு பகுதியின் மாற்றுச் செலவையும் அதன் ஆயுளால் வகுத்துக் கூட்டுவது கூடுதல் துல்லியம் தரும். எடுத்துக்காட்டாக, 20 ஆண்டு ஆயுளுள்ள கூரையை மாற்ற 10,000 டொலர் ஆகுமெனில் ஆண்டுக்கு 500 டொலர் ஒதுக்க வேண்டும்.

ஒன்ராறியோவில் சுடுநீர்க் கலன், உலை போன்றவற்றை வாடகைக்குப் பெறும் வழக்கம் உண்டு. வீட்டை வாங்கும்போது இவ்வாடகை ஒப்பந்தங்களும் சேர்ந்து வரக்கூடும். வீட்டுவாசலில் இக்கருவிகளை விற்பது 2018 மார்ச் முதல் தடை செய்யப்பட்டது. இத்தகைய ஒப்பந்தங்களுக்காக வீட்டின் உரிமைப் பத்திரத்தில் உரிமைக்கோரல் பதியும் முறை 2024 இல் சட்டத்தால் நிறுத்தப்பட்டது.

கடனை அடைக்க நிலவறையை வாடகைக்கு விடும் குடும்பங்கள் பல. ஒன்ராறியோவில் வெப்பம் வழங்கும் பொறுப்புடைய உரிமையாளர், செப்டம்பர் 1 முதல் சூன் 15 வரை குறைந்தது 20 பாகை வெப்பத்தை உறுதிசெய்ய வேண்டும்.

ஆண்டுப் பராமரிப்பு

- இலையுதிர் காலம்: உலையைப் பரிசோதித்தல், காற்று வடிகட்டியை மாற்றுதல், பீலிகளில் இலைகளை அகற்றுதல், வெளிக்குழாய்களை வடித்தல்.
- குளிர்காலம்: நடைபாதையில் பனி அகற்றி உப்பிடுதல், வெளிக்குழாய்களைப் பனி மூடாமல் பார்த்தல். வழுக்கி விழுந்தவர் உரிமையாளர் மீது வழக்குத் தொடர இயலும்.
- வேனில்: நீரிறைப்பியைச் சோதித்தல், அடித்தள விரிசல்களைப் பார்வையிடல்.
- கோடை: கூரை, சன்னல் ஓரங்களைச் சீர்செய்தல்.

வரலாறு

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கனடிய அரசு வெப்பக் காப்பிற்கு மானியம் வழங்கியது. அக்காலத்தில் பல வீடுகளின் சுவர்களில் யூரியா-பார்மல்டிஹைடு நுரை நிரப்பப்பட்டது. அது வெளியிடும் வளிமம் குறித்த அச்சத்தால் 1980 திசம்பரில் தடை செய்யப்பட்டது. அந்நுரை உள்ள வீடுகளின் மதிப்பும் சரிந்தது.

1977 இல் ரெஜைனா நகரில் கட்டப்பட்ட சஸ்காச்சுவான் சேமிப்பு வீடு, தடித்த காப்பு, காற்றுக் கசிவற்ற கட்டுமானம், வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்கும் கருவி ஆகியவற்றால் வழக்கமான உலையின்றியே இயங்கியது. பின்னர் செருமனியில் உருவான 'பாசிவ்ஹவுஸ்' முறைக்கு இது ஒரு முன்னோடியாகக் கருதப்படுகிறது. 2021 இல் கனடிய அரசு வீட்டு ஆற்றல் மேம்பாட்டிற்கு 5,000 டொலர் வரை மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2024 இல் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன.

இவற்றையும் பார்க்க

- வெப்பக் கடத்தல்
- பனிநிலை
- ரேடான்
- கனடியத் தமிழர்