அரிவரி வகுப்பின் முதல் வாரங்கள்

புதிதாய்ப் பாடசாலைக்குச் சென்ற பிள்ளை வீடு திரும்பியதும் பெற்றோர் வினவும் முதல் வினா, அன்று என்ன எழுத்துப் படித்தாய் என்பதே. "ஒண்டும் படிக்கேல்லை, விளையாடினனாங்கள்" என்று பிள்ளை விடை பகரும். புத்தாடை அணிவித்துக் கால்கோள் விழாவுக்கு அழைத்துச் சென்ற பெற்றோருக்கு இது ஏமாற்றத்தை அளிக்கின்றது. அயல்வீட்டுப் பிள்ளை முன்பள்ளியிலேயே அகரம் முதல் ஔகாரம் வரை எழுதப் பழகிவிட்டது எனக் கேள்விப்பட்டால் ஏமாற்றம் கவலையாக மாறுகின்றது. எழுத்தைக் கொண்டு மாத்திரம் அளப்போருக்கு அரிவரி வகுப்பின் முதல் வாரங்கள் வீணாய்க் கழிந்தவை போலவே தோன்றும். ஆயினும் எழுத்துக்கு முன்னரே நிகழவேண்டிய கல்வி ஒன்று உண்டு. கொப்பியில் அது தடம் பதிப்பதில்லை.

பிள்ளை முதலிற் கற்பது தன் பெயரை. வீட்டிலே அது "தம்பி" என்றும் "குஞ்சு" என்றும் "ராசாத்தி" என்றும் அழைக்கப்பட்டது. ஆசிரியை இடாப்பைத் திறந்து வாசிப்பதோ பிறப்புச் சான்றிதழில் உள்ள நீண்ட பெயரை. அது தன்னையே குறிக்கின்றது என்பதை உணராமல் வாளாவிருக்கும் பிள்ளைகள் பலர். தன் முறை வரும்வரை காத்திருத்தல், நாற்பது கண்களுக்கு நடுவே எழுந்து நின்று பேசுதல், மலசலகூடத்துக்குப் போகவேண்டும் என்று வெட்கமின்றிக் கேட்டல் ஆகியனவும் இவ்வாரங்களின் பாடங்களே. கடைசியிற் கூறியதைக் கல்லாத பிள்ளை நாள் முழுவதும் வேறெதனையும் கல்லாது என்பதை அனுபவமுள்ள ஆசிரியைகள் நன்கு அறிவர்.

அடுத்தது கை. விஜயதசமி நாளில் ஏடு தொடக்கும்போது பரப்பிய பச்சரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவித்தனர் முன்னோர். திண்ணைப் பள்ளிகளிலே எழுதுபலகை மணலாயிருந்தது. ஐந்து வயதுக் கையின் சிறு தசைகள் பென்சிலை மூவிரலாற் பற்றி அடக்கியாள இன்னும் முதிரவில்லை. மணலில் விரல் தடையின்றி ஓடும். பிழைத்தால் உள்ளங்கையால் அழித்துவிடலாம். இக்காலத்து வகுப்பறையில் களிமண் பிசைவதும், கடதாசி கிழித்து ஒட்டுவதும், வளைகோடு கீறுவதும் அந்த மணலின் வேலையையே செய்கின்றன. ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துக்கள் இக்கைக்கு இணங்கும். இகரமும் ஔகாரமும் இணங்குவதற்குக் காலம் செல்லும்.

எண்ணும் அவ்வாறே. இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளையிடம், "ஐந்து புளியங்கொட்டை எடுத்துத் தா" என்றால் ஒரு கைப்பிடி அள்ளித் தருவதுண்டு. சொல் ஒன்றுக்குப் பொருள் ஒன்றாய் எடுத்து வைப்பதும், இறுதியிற் சொன்ன எண்ணே முழுத்தொகை என்று உணர்வதும் ஒப்புவித்தலினும் வேறான அறிவாகும்.

இவை எல்லாவற்றினும் நுட்பமானது மொழி. தமிழ்ப்பிள்ளை தமிழைத்தானே படிக்கின்றது, இதில் என்ன வருத்தம் என்று கேட்கலாம். வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துப் பிள்ளை "வாறன்" என்கின்றது. மலைநாட்டுப் பிள்ளை "வாரேன்" என்கின்றது. புத்தகமோ "வருகிறேன்" என்கின்றது. மட்டக்களப்புப் பிள்ளையின் "மறுகா" என்னும் இனிய சொல்லைப் புத்தகத்தில் எங்கும் காணோம். யாழ்ப்பாணத்திலே "அவை வருகினம்" என்றால் மாமனும் மாமியும் வருகிறார்கள் என்பது பொருள். இலக்கணத்திலோ "அவை" என்பது அஃறிணை! தமிழ் மூலம் பயிலும் முஸ்லிம் பிள்ளை "உம்மா" என்று அழைத்த நாவுடன் வந்து, "அம்மா" என்னும் சொல்லுக்கு மேலே வரைந்த படத்தைப் பார்க்கின்றது.

ஓசையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தார் நாவிலே ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். ஆகவே காது ஒன்றாகக் கேட்பதைக் கை இரண்டாக எழுதப் பின்னர் பழகவேண்டும். ஆனால் "காற்று" என்பதில் வரும் றகர ஒலியைத் தகரத்தினின்றும் டகரத்தினின்றும் பிரித்தொலிக்கும் திறமையை அதே பிள்ளை தாய்மடியிலேயே பெற்று வருகின்றது. பல், பழம், பந்து என மூன்று சொற்களைக் கூறி, மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குகின்றனவா என்று ஆசிரியை வினவும் விளையாட்டு, காதைத் திருத்தும் பாடம். அவ்வொற்றுமையைக் கேளாத காதுடைய பிள்ளைக்குப் பகரம் வெறுஞ் சித்திரமே. பார்த்துக் கீறும், வாசிக்கமாட்டாது.

இங்கேதான் ஆசிரியரின் ஒரு சொல் பெரும் விளைவைத் தருகின்றது. "வாறன்" என்ற பிள்ளையை, "அது பிழை" என்று கண்டித்தால், பிழையென அது விளங்கிக்கொள்வது ஒரு வினைமுற்றை அன்று. தன் தாயின் பேச்சை. அதன்பின் அது வாய் திறவாது. வாய் திறவாத பிள்ளை சில வாரங்களில் "மந்தம்" என்று பெயர் பெறுகின்றது. முன்பள்ளியைக் காணாத பிள்ளைக்கும், புத்தகமே இல்லாத வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கும் இப்பெயர் விரைவிற் சூட்டப்படுகின்றது. ஒருமுறை சூட்டிய பெயரை ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசிற் பரீட்சை வரை சுமந்து திரியும் பிள்ளைகளும் உளர்.

1998ஆம் ஆண்டு தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலாம் இரண்டாம் தரங்களை ஒரே முதன்மை நிலையாக இணைத்து, அந்நிலையில் விளையாட்டுக்கு முதலிடமும் எழுத்து வேலைக்குக் குறைந்த இடமும் வகுத்தது. பெற்றோரின் அவசரத்துக்கு அஞ்சி இதைக் கைவிட்டு, முதல் வாரத்திலேயே பக்கம் பக்கமாக எழுதுவிக்கும் வகுப்புக்களும் இல்லாமலில்லை. அவற்றின் கொப்பிகள் பார்வைக்கு அழகானவை.

வேறு வழியில் நடத்தும் ஆசிரியைகளும் உளர். ஒரு பூனைப் படத்தைக் காட்டி, "வீட்டிலே இதை எப்படிச் சொல்லுவீர்கள்?" என்று முதலிற் கேட்கின்றனர். "பூனை பால் குடிக்குது" என்று பிள்ளைகள் ஒருமித்துக் கூவுவர். "புத்தகம் எப்படிச் சொல்லுகிறது, கேளுங்கள்" என்று அடுத்தபடியாக, "பூனை பால் குடிக்கிறது" என நிறுத்தி வாசிப்பர். இரண்டையும் மாறி மாறிச் சொல்வது சில நாட்களில் ஒரு விளையாட்டாகிவிடும். கடைசி வாங்கில் மௌனமாயிருந்த பிள்ளை, புத்தகத்தின் குரலைப் போலித்துக்காட்டுவதற்காகவேனும் எழுந்து நிற்கும்.