இருக்கைக்கு ஒரு கடையாணி

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களிடையே ஒரு பழைய வேடிக்கை உண்டு. இருக்கையைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் இருக்கும் கருவிப்பையோ இருக்கைக்கு அடியில் இருக்கிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

சில ஆண்டுகளுக்கு முன், வேல்ஸ் மலைப்பாதை ஒன்றில் இந்த வேடிக்கையில் நானே மாட்டிக்கொண்டேன். தூறல், இருட்டுகிற நேரம், பின்னால் என் மனைவி. திடீரென்று பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஓரமாக நிறுத்தி இறங்குவதற்குள் இருக்கையின் இடுக்கிலிருந்து மெல்லிய புகை. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டேன். புகை நிற்கவில்லை. பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த கம்பி சட்டத்தில் உரசி, மேலுறை தேய்ந்துபோயிருந்தது. அந்தக் கம்பிக்கும் சாவிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றினால்தான் மின்சாரம் நிற்கும். பேட்டரியோ இருக்கைக்கு அடியில். இருக்கையை இரண்டு போல்ட்டுகள் இறுகப் பிடித்திருக்கின்றன. பெட்ரோல் தொட்டி ஒரு சாண் தூரத்தில்.

பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் குறட்டோடு ஓடி வந்திராவிட்டால் இந்தக் கட்டுரையின் முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும். வீடு வந்து சேர்ந்ததும், 'இனி இருக்கைக்குப் போல்ட்டே வேண்டாம், கையால் இழுத்தால் கழலும் பின் போதும்' என்று முடிவு செய்தேன். அந்த முடிவு பாதிதான் சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னொரு பயணம் தேவைப்பட்டது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

போல்ட் செய்யும் இரண்டு வேலைகள்

இருக்கை எப்படி நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். பெரும்பாலான வண்டிகளில் இருக்கையின் முன்பக்கம் ஒரு நாக்கு உண்டு. அது தொட்டிக்குப் பின்னால் சட்டத்தில் உள்ள ஒரு பிடிக்குள் நுழைந்துகொள்ளும். பின்பக்கத்தை ஒன்றோ இரண்டோ போல்ட்டுகள் பிடித்திருக்கும். என் வண்டியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, 6 மி.மீ. விட்டம் கொண்டவை. பக்கவாட்டிலிருந்து படுக்கையாக நுழைந்து, சட்டத்தின் தகட்டைக் கடந்து, இருக்கையின் அடியில் உள்ள இரும்புப் பட்டையின் மரையில் ஏறுபவை.

நம் உடல் எடையை இந்தப் போல்ட்டுகள் தாங்குவதில்லை. இருக்கையின் அடியில் உள்ள ரப்பர்க் கட்டைகள் வழியாக எடை நேரே சட்டத்தில் இறங்கிவிடும். போல்ட்டின் முதல் வேலை, இருக்கை மேலே எழும்பாமலும் பின்னால் நகராமலும் தடுப்பது. எழும்புவதற்குக் காரணங்கள் பல: மேடு பள்ளத்தில் துள்ளல், இருக்கையோடு சேர்த்துக் கட்டிய மூட்டை, பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளும் பட்டை. சில வண்டிகளில் இந்தப் பட்டை இருக்கையோடேயே இணைந்திருக்கும். வண்டி வேகம் எடுக்கும்போது பின்னால் இருப்பவர் முழு பலத்தோடு இழுப்பது அதைத்தான்.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாதது. போல்ட்டை முறுக்கும்போது அது ஒரு மயிரிழை நீள்கிறது. நீண்ட எஃகு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்பில் இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று நெருக்கப்படுகின்றன. 6 மி.மீ. எஃகுப் போல்ட்டை 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், ஏறக்குறைய 800 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்கு ஈடான நெருக்கம் கிடைக்கும். தகடுகள் அசையாமல் இருப்பது இந்த நெருக்கத்தால் வரும் உராய்வினால்தான். அதனால்தான் 6 மி.மீ. போல்ட்டுக்கு 6.6 மி.மீ. துளை போட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. துளையில் இடைவெளி இருந்தாலும் தகடுகள் நகர்ந்தால்தானே ஆட்டம் வரும்?

பின் அப்படியல்ல. அது முதல் வேலையை மட்டும் செய்யும். குறுக்கே நின்று மறிக்கும்; ஆனால் நெருக்காது.

கடையாணி சொல்லும் பாடம்

இந்த வேறுபாடு நம் ஊர்களில் மாட்டுவண்டி பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. அச்சின் நுனியில் சக்கரம் கழன்று ஓடாமல் இருக்கக் குறுக்கே ஒரு கடையாணி செருகியிருக்கும். அதற்கு மரை கிடையாது, முறுக்கு கிடையாது. கையால் பிடுங்கிவிடலாம். சக்கரத்தை அது இறுக்குவதும் இல்லை. சக்கரம் அச்சில் சற்று முன்பின் ஆடிக்கொண்டுதான் ஓடும். ஆனால் எத்தனை மூட்டை ஏற்றினாலும் கடையாணி பிடிக்கும். காரணம், சக்கரம் தள்ளும் திசைக்கு ஆணி குறுக்காக நிற்கிறது. சக்கரம் ஆணியை வெட்டத்தான் பார்க்க முடியும், உருவ முடியாது.

விரைவில் கழலும் பின்களுக்கு எல்லாம் இதுவே முதல் விதி. விசை பின்னுக்குக் குறுக்கே வர வேண்டும். பின்னின் நீளவாக்கில் வரக் கூடாது. என் வண்டியில் போல்ட்டுகள் படுக்கையாக இருந்தன. இருக்கை எழும்புவதோ மேல்நோக்கி. ஆகவே பின் பொருந்தும். ஆனால் சில வண்டிகளில் போல்ட் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக இறங்கும். அங்கே இருக்கை எழும்பினால் பின்னை அப்படியே உருவப் பார்க்கும். அந்த இடத்தில் வெறும் பின்னைப் போடவே கூடாது.

இரண்டு பின்கள், இரண்டு குணங்கள்

நான் செய்த தவறு இதற்கு அடுத்த படியில். கடையில் இரண்டு வகைப் பின்கள் இருந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல: ஒரு வளையம், ஒரு தண்டு, நுனியில் சிறு குண்டுகள். ஒன்றின் விலை மற்றதில் சிறு பங்குதான். எதை வாங்கியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

மலிவான பின்னில் குண்டுக்குப் பின்னால் ஒரு சுருள்வில் மட்டும் இருக்கும். அழுத்தித் தள்ளினால் குண்டு உள்ளே போய், மறுபுறம் எட்டிப் பார்க்கும். இழுத்தால் மறுபடி உள்ளே போய்விடும். அதாவது யார் இழுக்கிறார்கள் என்று அதற்குக் கவலை இல்லை. கையானாலும் சரி, அதிர்வானாலும் சரி. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், நொடிக்கு 50 உதறல். ஒரு மணி நேரத்தில் 1,80,000. ஒவ்வொரு உதறலும் ஒரு சிறு இழுப்பு.

விலை கூடிய பின்னின் தண்டு குழாய் போன்றது. உள்ளே ஒரு மெல்லிய கம்பி ஓடும். கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தாத வரையில் அந்தக் கம்பியின் தடித்த பகுதி குண்டுகளுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். குண்டுகள் உள்ளே போக இடமே இல்லை. பொத்தானை அழுத்தினால் கம்பி நகர்ந்து, அதிலுள்ள பள்ளம் குண்டுகளுக்கு நேரே வரும். குண்டுகள் பள்ளத்தில் ஒதுங்கும், பின் வெளியே வரும். விமானங்களிலும் பயன்படும் வகை இது. இங்கே வில்லின் பலம் பிடிப்பதில்லை, வழி அடைபட்டிருப்பதுதான் பிடிக்கிறது. ஆனால் குழாய் என்பதால், அதே தடிமனுள்ள முழு ஆணியின் வலு இதற்குக் கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நான் போட்டது முதல் வகை. இருநூறு மைல் போயிருப்போம். பெட்ரோல் நிலையத்தில் இறங்கிய மனைவி, "இது இப்படித்தான் இருக்கணுமா?" என்று கேட்டாள். இடதுபக்கப் பின் அரை விரற்கடை வெளியே வந்திருந்தது. வலதுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே துளை மட்டும் இருந்தது. அத்தனை தூரமும் அவள் அந்த இருக்கையின் பட்டையைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான்: எளிதாகக் கழற்றுவது வேறு, எளிதாகக் கழல்வது வேறு.

இழந்த நெருக்கத்தை மீட்பது

போல்ட் மட்டும் கழலாதா என்றால், கழலும். 1969ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், பக்கவாட்டு அதிர்வு முறுக்கிய போல்ட்டைத் தானாகவே எப்படித் தளர்த்துகிறது என்பதைச் சோதனைகளால் காட்டினார். தகடுகள் நழுவத் தொடங்கிவிட்டால் மரையும் நழுவத் தொடங்கும். ஆக, போல்ட்டானாலும் பின்னானாலும் எதிரி ஒன்றே: ஆட்டம்.

பின் நெருக்காது என்பதால் அந்த வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். சாவி போட்டுத் திறக்கும் இருக்கையை மூடும்போது என்ன செய்கிறோம்? உள்ளங்கையால் ஓங்கி அழுத்துகிறோம். 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. நாம் அழுத்தியது அடியிலுள்ள ரப்பரை. அது எப்போதும் இருக்கையை மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால் பூட்டில் ஆட்டம் இல்லை. அதே தந்திரம் பின்னுக்கும் போதும். ரப்பர்க் கட்டைகளின் கீழ் ஒன்றிரண்டு மி.மீ. தடிமனுள்ள ரப்பர்த் துண்டை ஒட்டிவிட்டால், இருக்கையை அழுத்திப் பிடித்தால்தான் துளைகள் நேருக்கு நேர் வரும். பின்னைச் செருகிக் கையை எடுத்ததும் ரப்பர் அதை ஒரே பக்கமாக நெருக்கிவிடும்.

இதே சிக்கலுக்கு வேறொரு விடையைக் கண்டவர் வில்லியம் ஸூஸ். உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கால் சுற்றுத் திருப்பினால் பூட்டவும் திறக்கவும் செய்யும் திருகை 1930களில் உருவாக்கினார். சரிவான பள்ளம் ஒரு வில்கம்பியை இழுத்துப் பிடிப்பதால் அது விரைவாகவும் கழலும், நெருக்கவும் செய்யும். விமான எஞ்சின் மூடிகளிலும் பந்தய வண்டிகளின் மேலுறைகளிலும் இன்றும் அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அதில் சம்பாதித்தவர், 1948ல் நியூயார்க்கில் தம் மக்களுக்காக அமெரிக்க உக்ரைனியக் கழகத்தை நிறுவினார். புலம்பெயர்ந்தவர்களாகிய நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. ஆனால் அந்தத் திருகு மூடிகளைப் பிடிக்கத்தான். ஆளின் இழுப்பைத் தாங்கும் இடத்தில் அதை நம்பக் கூடாது.

செய்ய விரும்புபவர்களுக்கு

பொத்தான் வைத்த பின்னையே வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கைப்பிடியின் அடியிலிருந்து குண்டு வரையுள்ள நீளம், பின் கடந்துபோகும் தகடுகளின் மொத்தத் தடிமனைவிட ஒரு மயிரிழை மட்டும் கூடுதலாக இருக்க வேண்டும். நீளம் குறைந்தால் குண்டுகள் வெளியே வர முடியாது. பூட்டியதுபோல் தோன்றும், பூட்டியிருக்காது. மிகவும் கூடினால் ஆடும்.

துளை பின்னின் அளவுக்கே இருக்கட்டும். போல்ட்டுக்கான 6.6 மி.மீ. துளையில் 6 மி.மீ. பின் கடகடவென்று அடித்து, நாளடைவில் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். சட்டத்திலேயே மரை வெட்டியிருந்தால் அதைத் துளைத்து எடுக்காதீர்கள். நான் இருக்கைப் பட்டையில் இருந்த மரையை மட்டும்தான் துளைத்தேன். மறுபடி போல்ட் போட நினைத்தால் பின்னால் ஒரு நட் வைத்துக்கொள்ளலாம். பின் தொலையாமல் இருக்க மெல்லிய கம்பியால் வண்டியோடு கட்டிவிடுங்கள்.

எனக்கு எளிதாகக் கழல்வது திருடனுக்கும் எளிதாகக் கழலும். வண்டியைத் தெருவில் நிறுத்துபவர்கள் ஒரு பக்கம் போல்ட்டை விட்டுவைப்பது நல்லது என்று தோன்றும். ஆனால் அப்போது அவசரத்துக்குக் கழற்ற முடியாது. இரண்டில் எது பெரிய கவலை என்பதை அவரவர்தான் முடிவுசெய்ய வேண்டும். பிரிட்டனில் எம்ஓடி சோதனையில் இருக்கை உறுதியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். வண்டியில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவதும் அவசியம்.

கடைசியாக ஒன்று. அன்று புகை வந்ததற்குக் காரணம் போல்ட் அல்ல; தேய்ந்த கம்பி. அந்தக் கம்பியில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் புகையே வந்திருக்காது. அதை இப்போது போட்டுவிட்டேன். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் இருக்கையைத் திறப்பவர்களுக்குப் பின்னே தேவையில்லை. இருக்கைப் போல்ட்டுக்கான ஒற்றை ஸ்பேனரைச் சட்டைப் பையிலோ கைப்பிடியின் அடியிலோ வைத்திருந்தால் போதும். காட்டுப்பாதைகளில் ஓட்டி அடிக்கடி காற்று வடிகட்டியைத் துடைப்பவர்களுக்கும், என்னைப்போல் ஒருமுறை பயந்தவர்களுக்கும்தான் பின்.

என் தாத்தா வண்டி பூட்டுமுன் இரண்டு கடையாணிகளையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். சின்ன வயதில் அதை ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தேன். இப்போது கிளம்பும்முன் நானும் இரண்டு பின்களையும் பொத்தானைத் தொடாமல் இழுத்துப் பார்க்கிறேன். பிறகு இருக்கையை ஒருமுறை மேலே தூக்கிப் பார்க்கிறேன். நான் மறந்தால், ஏறுவதற்கு முன் மனைவி செய்துவிடுகிறாள்.