அக்பரின் சீட்டுக்கட்டில் ஒரு டிராகன்

உலகத்துப் புராணங்களில் வரும் டிராகன்களைச் சித்திரமாகத் தீட்டிய டாரட் சீட்டுக்கட்டுகளை இப்போது ஆரூடம் கேட்போரும் ஓவியத்தை விரும்புவோரும் ஒருங்கே நாடுகின்றனர். மேகத்தினிடையே நெளிந்து மழையைத் தரும் சீன நாட்டுத் தெய்வ சர்ப்பம், பொற்குவியலின் மேல் படுத்துக் காவல் புரியும் வடஐரோப்பியக் கதையின் ஃபாஃப்னிர், நீரையெல்லாம் மறித்துக் கிடந்து இந்திரனுடைய வச்சிராயுதத்தால் மாண்ட நம் வேதகாலத்து விருத்திரன் என்று, இத்தகைய கட்டு ஒன்றை அமைக்க முற்படும் ஓவியனுக்குப் பாத்திரங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆயினும் பல தேசத்துத் தெய்வங்களையும் பூதங்களையும் சர்ப்பங்களையும் ஒரே சீட்டுக்கட்டில் கூட்டிவைப்பது மேல்நாட்டார் அண்மையில் கண்ட புதுமை என்று எவரேனும் கருதினால், அவர் கொல்கத்தாவில் அச்சான ஒரு பழைய நூலைப் புரட்டிப் பார்ப்பது நலம்.

சர் வில்லியம் ஜோன்ஸ் 1784ஆம் ஆண்டில் நிறுவிய ஆசியச் சங்கம் இன்றும் பார்க் தெருவில் இருக்கிறது. அச்சங்கம் வெளியிட்ட கீழ்த்திசை நூல் வரிசையில், அபுல் பஸல் பாரசீக மொழியில் இயற்றிய ‘அயினி அக்பரி’யின் முதற்பாகம் 1873இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் ஹென்றி பிளாக்மன். ஜெர்மனி தேசத்து டிரெஸ்டன் நகரில் பிறந்து, கொல்கத்தா மதரஸாவில் ஆசிரியராய் அமர்ந்து, 1878இல் நாற்பதாவது வயதில் இந்நகரத்திலேயே காலமானவர். நாணயச் சாலை, சமையற்கூடம், யானைக் கொட்டில் என்று பேரரசின் நிர்வாகம் முழுவதையும் வர்ணிக்கும் அப்பெருநூலில், சக்கரவர்த்தியின் விளையாட்டுகளைச் சொல்லுமிடத்தில் சீட்டாட்டமும் இடம்பெறுகிறது.

நம் வீடுகளில் புழங்கும் சீட்டுக்கட்டில் இனங்கள் நான்கு. அக்பர் ஆடிய கட்டில் பன்னிரண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அரசனும் ஒரு மந்திரியும் பத்து எண் சீட்டுகளுமாக மொத்தம் 144 சீட்டுகள். குதிரைகளுக்கு அதிபதி, யானைகளுக்கு அதிபதி, கோட்டைகளுக்கு அதிபதி, கப்பலில் சிங்காசனம் இட்டு அமர்ந்த நாவாய்களின் அதிபதி என்று அரசர்கள் தொடர்கிறார்கள். சுரபதியின் சீட்டில் இந்திரன் கொலுவீற்றிருக்கிறான். பூதகணங்களின் அரசனாக வருபவரோ தாவீதின் குமாரரான சுலைமான். இறுதியில் நிற்பது அஹிபதி என்னும் சர்ப்பராஜனின் இனம். அதன் அரச சீட்டில் ஒரு பாம்பு டிராகன்மீது ஆரோகணித்திருக்கிறது. மந்திரிச் சீட்டில் ஒரு பாம்பு மற்றொரு பாம்பின்மீது ஏறியிருக்கிறது. ஏனைய பத்துச் சீட்டுகளிலும் ஒன்று முதல் பத்து வரை பாம்புகளே.

பாரசீக ஓவியர்கள் தீட்டிய டிராகனின் உருவம், மங்கோலியர் ஆட்சிக்காலத்தில் சீனச் சித்திரங்களைக் கண்டு அமைந்தது என்பதை நினைவில் கொண்டால், வேதத்து இந்திரனும் யூத மரபின் சுலைமானும் சீனத்து வழி வந்த விலங்கும் ஒரு கைப்பிடிச் சீட்டுக்குள் கூடியிருந்த அதிசயம் விளங்கும். அதே விலங்கு பிற்காலத்தில் கடல்வழியாகவும் வங்கத்துக்கு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சீனர் குடியேறத் தொடங்கிய கொல்கத்தாவில், அவர்களுடைய புத்தாண்டு நாளில் டாங்கிராவின் வீதிகளில் அது மேளதாளத்தோடு ஆடிவருகிறது.

அக்பர் பின்னர் எட்டு இனங்களும் 96 சீட்டுகளும் கொண்ட கட்டாக ஆட்டத்தைத் திருத்தி அமைத்தபோது சர்ப்பராஜனுக்கு அதில் இடமில்லாமற் போயிற்று. ஆனால் சீட்டில் தெய்வத்தை எழுதும் எண்ணம் வங்காளத்தில் மறையவில்லை. கொல்கத்தாவிலிருந்து ரயிலேறிச் சில மணி நேரத்தில் அடையக்கூடிய விஷ்ணுபுரத்தில், அக்பர் காலத்தவனான வீர ஹம்பீரன் என்னும் மல்ல அரசன் முகலாயர் ஆட்டத்தைக் கண்டு தசாவதாரச் சீட்டை ஏற்படுத்தினான் என்பது ஐதிகம். மகாமகோபாத்தியாய ஹரப்பிரசாத் சாஸ்திரி 1895இல் ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் இச்சீட்டுகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி, இவை அவ்வரசன் காலத்தினும் பன்னூறு ஆண்டு பழைமையுடையவை என்று வாதித்தார். பாபர் தம் தினசரிக் குறிப்பில், 1527இல் சிந்து நாட்டு ஷா ஹசனுக்குக் கஞ்சீபா என வழங்கிய முகலாயச் சீட்டை அனுப்பியதைப் பதிந்திருப்பதையும், அரசனும் மந்திரியும் பத்து எண்ணுமாக அமைந்த ஒற்றுமையையும் நோக்கும்போது ஐதிகத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது.

விஷ்ணுபுரத்துச் சீட்டு வட்டமானது. பௌஜ்தார் என்னும் ஓவியக் குடும்பத்தார் பரம்பரையாக இதனைச் செய்துவருகின்றனர். பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையிட்டு மடிப்புமேல் மடிப்பாக ஒட்டி, வெயிலில் உலர்த்தி, சுண்ணப்பொடி பூசி, வழுவழுப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்க்கிறார்கள். பின்பு வட்டமாக நறுக்கி, முகப்பில் உருவத்தை எழுதி, பின்புறத்தில் அரக்குப் பூசி விறைப்பாக்குகிறார்கள். மச்சாவதாரத்தின் அரச சீட்டில், இடைக்குக் கீழே செதிலோடு கூடிய மீனுடலும் மேலே சதுர்ப்புஜமும் கொண்டு பெருமாள் நிற்பார். அதன் எண் சீட்டுகளில் ஒன்று முதல் பத்து வரை சின்னஞ்சிறு மீன்கள் நீந்தும். கூர்மத்துக்கு ஆமை, வராகத்துக்குச் சங்கு, பரசுராமருக்குக் கோடரி, கல்கிக்கு வாள் என்று பத்து இனங்களுக்கும் அடையாளங்கள் உண்டு. முழுக்கட்டில் 120 சீட்டுகள்.

டாரட் சீட்டும் தொடக்கத்தில் குறி சொல்ல எழுந்ததன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் ஆடிக் களித்த ஆட்டமே அது. எகிப்தியரின் ரகசிய ஞானம் அதில் ஒளிந்திருப்பதாகக் கூர் த ஜெபெலின் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1781இல் எழுதிய பிறகே ஆரூடக்காரர் கைக்கு அது பெருவாரியாகப் போயிற்று. 1909இல் லண்டனில் பமேலா கோல்மன் ஸ்மித் எழுதிய 78 சித்திரங்களின் கட்டு உலகெங்கும் பரவியது. டிராகன் கட்டுகள் பலவும் அதன் அமைப்பைத் தழுவியவையே.

விஷ்ணுபுரத்துச் சீட்டு அவ்வழி செல்லவில்லை. ஐவர் வட்டமாக அமர்ந்து ஆடும் ஆட்டமாகவே அது வாழ்ந்தது. பாதி இனங்களில் பத்துக்கு மதிப்பு அதிகம். மறுபாதியில் ஒன்றுக்கு அதிகம். ஆகவே இறங்கிய சீட்டுகளையும், எந்த இனத்தில் எது பெரிது என்பதையும் ஒருங்கே மனத்தில் இருத்த வேண்டும். பகலிலா இரவிலா, மழை நாளிலா என்பதற்கேற்ப எந்த அவதாரம் ஆட்டத்தைத் தொடங்குவது என்ற கிரமமும் மாறும். இத்தனை நுட்பமான ஆட்டத்தை அறிந்தவர்கள் அருகிவிட்டார்கள் என்பதே எனக்குப் பெருந்துயரம் தருவது. இன்று வாங்குவோரில் பலர், அரசர் சீட்டுகள் பத்தை மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் பூட்டிச் சுவரில் மாட்டுவதற்கே கேட்கிறார்கள். மந்திரிகளையும் எண் சீட்டுகளையும் எழுதக் கலைஞனுக்கு வேலையில்லாமற் போகிறது. வாங்குகிறவர்கள் 120 சீட்டும் சேர்ந்த முழுக்கட்டையே கேட்க வேண்டும்; ஆடும் முறையை எளிய வங்காளியிலும் இந்தியிலும் தமிழிலும் அச்சிட்டு ஒவ்வொரு கட்டோடும் வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு சொற்பமே. விதிகளைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.