கூடாரைக்கு முந்தைய நாட்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி 27ஆம் நாள், எங்கள் ஊர்ப் பெருமாள் சந்நிதியில் அக்கார அடிசில் வழங்கினார்கள். தொன்னையின் விளிம்புவரை நெய் மிதந்தது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்ளும் அடியேன், ‘பெருமாள் பிரசாதம் என்ன செய்துவிடும்?’ என்ற துணிவில் முழுவதையும் உண்டேன். அத்துடன் நில்லாமல், இல்லாளுக்கென்று வாங்கிய தொன்னையும் வீடு வந்து சேரவில்லை. நண்பகலில் சோதித்தபோது இரத்தச் சர்க்கரை 312.

மருத்துவர் கடிந்துகொள்வார் என்று அஞ்சினேன். அவரோ, “எவ்வளவு ஐயா சாப்பிட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டார். பிரசாதத்தை ஏன் உண்டீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. பதில் சொல்ல நாணமாக இருந்தது.

அன்றிரவு திருப்பாவையை எண்ணிப் பார்த்தேன். ஆண்டாள் நாச்சியார் இரண்டாம் பாசுரத்திலேயே நெய்யையும் பாலையும் விலக்கி வைத்துவிடுகிறாள். நெய் பெய்த பால்சோறு வருவதோ 27ஆம் பாசுரத்தில். நாளுக்கொரு பாசுரமாக ஓதுகிறோம். இடையே 25 நாட்கள். அந்தச் சோற்றையும் அவள் தனித்து உண்ணவில்லை, தோழியர் அனைவரும் கூடியிருந்தே உண்கிறார்கள். நாமோ அந்த 25 நாட்களிலும் காலையில் வெண்பொங்கலோடு சர்க்கரைப் பொங்கல், மாலையில் காப்பியுடன் இனிப்பு பிஸ்கட் என்று கழித்துவிட்டுக் கூடாரையையும் விடாமல் கொண்டாடுகிறோம்.

என் பாட்டியார் பிரசாதம் வாங்கும் முறை நினைவிற்கு வந்தது. வலது உள்ளங்கையைக் குழித்து வாங்குவார், கண்களில் ஒற்றிக்கொள்வார், ஒரு துளியை வாயிலிட்டு, மீதியை அருகிலிருக்கும் குழந்தைக்கு ஊட்டிவிடுவார். உள்ளங்கைதான் அவருக்கு அளவு. பழநிப் பஞ்சாமிர்தமும் ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் அப்படித்தான் விரல் நுனியில் வந்தது. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன் என்று எல்லாமே இனிப்பான அந்தப் பிரசாதம் இன்று டப்பாவாக வந்து, கரண்டியோடு உணவு மேசையில் அமர்ந்திருக்கிறது. போகிறபோதும் வருகிறபோதும் ஒரு கரண்டி!

இன்னொன்று: ‘வெல்லம்தானே, கருப்பட்டிதானே’ என்று நம்மில் பலர் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் யாவும் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துபவையே. அடியேனும் இதை அறிந்தும் அறியாதவன்போல் பல காலம் இருந்தவன்தான்.

இனிப்பையே பகையாக எண்ணவும் வேண்டியதில்லை. ஏகாதசியன்று வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு உபவாசம் இருப்போருக்குச் சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்துபோகக்கூடும். நடுக்கம், குப்பென்ற வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். அவ்வேளையில் 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். தெளிவு வராவிட்டால் இன்னொரு முறை பருகி, உடனே மருத்துவரை நாட வேண்டும். அன்று அதுவே மருந்து. உபவாசத்திற்கு முன்னரே மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது இன்றியமையாதது. கோயில் வரிசையில் நெடுநேரம் நிற்கும் அன்பர்கள் மடியில் சிறிது சர்க்கரைப் பொட்டலம் வைத்திருப்பது நலம்.

பிரசாதம் நீட்டும் பட்டரிடம் கையை இழுத்துக்கொள்ளும் அன்பர்களும் உளர். அவர்களில் ஒருவர், வீடு திரும்பியதும் பேரனின் மிட்டாய் டப்பாவைத் திறப்பதை அடியேன் கண்டிருக்கிறேன். அந்த விரதத்தால் யாருக்கு என்ன பயன்?

இவ்வாண்டு மார்கழி பிறந்ததும் வீட்டில் மற்ற இனிப்புகளை நிறுத்தினோம். முதல் வாரம் கடினமாகவே இருந்தது. மூன்றாம் வாரத்தில் பாலின் இயல்பான இனிப்பே நாவிற்குத் தெரியத் தொடங்கியது. கூடாரையன்று காலை உணவில் இரண்டு இட்லிகளைக் குறைத்துக்கொண்டு கோயிலுக்குச் சென்றேன். தொன்னையை வாங்கி, நெல்லிக்காய் அளவு உள்ளங்கையில் எடுத்துக்கொண்டேன். ஏலமும் நெய்யும் மணக்க, அது கரைய வெகுநேரம் ஆயிற்று. மீதியை அருகில் நின்ற சிறுவனிடம் கொடுத்தேன். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தபோது, நெய் அவன் முழங்கையை எட்டியிருந்தது.