கழுத்துத் தமனிக் கழலை

கழுத்தில் தோன்றும் வீக்கங்கள் பலவகைப்படும். அவற்றுட் பெரும்பாலானவை நெறிக்கட்டுகளே. ஐயமுண்டாயின் ஊசியாற் குத்திச் சிறிது எடுத்துச் சோதித்தல் வைத்தியர் வழக்கம். ஆயின், அங்ஙனங் குத்தலாகாத கழலையொன்றும் அருமையாகத் தோன்றுவதுண்டு. அதன் இயல்பை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

தலைக்கு இரத்தங் கொண்டு செல்லும் கரோடிட் தமனி, கழுத்தின் இருபுறத்தும் மேலேறித் தாடையின் கீழ் இரண்டாகக் கிளைக்கின்றது. ஒரு கிளை மூளைக்கும், மற்றது முகத்திற்குஞ் செல்லும். அக்கவையில் அரிசி மணியளவான ஓர் உறுப்பு உளது. இரத்தத்திற் பிராணவாயு குறையின், அதனை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்துதல் அதன் தொழில். இப்பகுதி மூச்சை நடத்தும் முறையை ஆராய்ந்தமைக்காகப் பெல்ஜிய நாட்டு ஹேமன்ஸ் என்பார் 1938-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றார். இவ்வுறுப்பே பருத்துக் கழலையாகின்றது. காற்று மெலிந்த ஆண்டிஸ் மலைநாட்டில் வாழ்வாரிடம் இது மிகுதி. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும்.

இக்கழலை பெரும்பாலும் நோவின்றிப் பல்லாண்டுகள் மெல்ல வளரும். விரலால் அசைப்பின் பக்கவாட்டில் அசையும். மேலுங் கீழும் அசையாது. நாடித் துடிப்பும் புலனாகலாம். இக்குறிகள் கண்டவிடத்து ஊசியை எடுத்தல் தகாது, குருதி பெருகும். ஒலியலைப் படமும் தமனிப் படமும் உண்மையைக் காட்டிவிடும். கிளைகளிரண்டும் யாழின் இரு கோடுகள்போல் விலகி நிற்க, இடையே குருதி நிறைந்த கழலை தோன்றும்.

இதனை அறுத்தெடுத்த வரலாறு துயரமுடையது. 1880-இல் ரீக்னர் என்பார் முயன்றார்; நோயாளி பிழைக்கவில்லை. 1886-இல் மைடல் அறுத்த நோயாளி பிழைத்தும், பேச்சிழந்து பக்கவாதமுற்றார். தமனியைக் கட்டிவிடின் மூளை இரத்தமின்றி வாடுமன்றோ? 1889-இல் ஆல்பெர்ட் தமனியைக் கட்டாமலே கழலையை நீக்கி வெற்றி கண்டார். தமனிச் சுவரின் வெளியுறைக்கு உட்புறமாகப் பிரித்தெடுக்கும் வழியை 1940-இல் கார்டன் டெய்லர் தெளிவுறுத்தினார். 1971-இல் ஷாம்ப்ளின் முதலியோர் கழலைகளை மூவகையாக்கினர்: எளிதிற் பிரிவன, தமனியை ஓரளவு தழுவியன, முற்றுஞ் சூழ்ந்தன. மூன்றாவதில் தமனியின் ஒரு பகுதியை நீக்கி, வேறு குழாய் பொருத்தவும் நேரும். நாவையுங் குரலையும் இயக்கும் நரம்புகள் அருகே ஓடுதலின், அவற்றையும் காத்தல் வேண்டும். பெருங்கழலையாயின், அதற்குக் குருதியூட்டும் சிறு குழாய்களை முன்னரே அடைத்து விடுவாருமுண்டு. முதியோரிடத்து அறுக்காது கவனித்து வருதலே நன்றாதலுமுண்டு.

கத்தியின் திறமையினும், அதனை எடுக்குமுன் கொள்ளும் ஐயமே இந்நோயில் உயிர் காப்பது. கழுத்தில் வீக்கங் கண்டோர் காலந்தாழ்த்தாது தக்க வைத்தியரை நாடுக; வைத்தியம் பயில்வோர் குத்துமுன் தொட்டுணர்ந்து சிந்திக்க.